கொடுத்தவள் பாசிட்டிவ்

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் நாகஜோதியின் இடது சிறுநீரகத்தை எடுத்து, அவள் புருசன் பாண்டித்துரையின் வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்தார்கள். காலை எட்டு மணிக்கு உள்ளே போன இரண்டு பேரும் மாலை நாலு மணிக்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

கொடுக்க முதலில் வந்து நின்றவள் கோகிலா. பாண்டித்துரையின் அக்கா. அவனுக்கு ஆறு வயதில் தாய் இறந்தபோது இவளுக்குப் பதினாலு. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டவள். "எனக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ண எடுத்துக்கங்க" என்று டாக்டரிடம் சொன்னாள். சோதித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்றார்கள். சர்க்கரை இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நாகஜோதியுடையது பொருந்தியது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நாகஜோதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து கண்ணாடி வழியாகப் புருசனைப் பார்த்தபோது, கோகிலா குனிந்து அவள் காலைத் தொடப் போனாள்.

"என்ன மதினி இது, கூறு இல்லாம" என்று நாகஜோதி காலை இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் ஊர் உத்தரகோசமங்கைக்குத் தெற்கே. இரண்டு வீடும் எதிரெதிர். ரெண்டு குறுக்கம் புஞ்சையில் முண்டு மிளகாய் போடுவார்கள். அந்த வருசம் விதைப்பு கோகிலாவின் கையால் நடந்தது. களையெடுப்பும் அவளே ஆள்விட்டுப் பார்த்தாள். தை கடைசியில் நாகஜோதி வீட்டு வேலை பார்க்கத் தொடங்கி, மாசியில் முதல் பறிப்புக்குப் புஞ்சையில் இறங்கிவிட்டாள். கனம் தூக்கக் கூடாது என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏத்தா நாகசோதி, எங்களவிட வெரசாப் பறிக்கிறியே, எப்புடி?" என்று பறிக்க வந்த வெள்ளையம்மாள் கேட்டாள்.

"உள்ள ஒரு சாமான் கொறஞ்சிருச்சுல்ல சின்னம்மா. பாரம் இல்ல."

"அப்ப எனக்கும் ரெண்டு எடுக்கச் சொல்லு. குனிய முடியல."

கோகிலாவும் சிரித்தாள். பாண்டித்துரை வீட்டு வாசலில் முகக்கவசம் போட்டு உட்கார்ந்திருந்தான். மிளகாய்த் தூசி ஆகாது, கூட்டம் ஆகாது, பழைய சோறு ஆகாது. காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆவி பறக்கும் சோறு, வேளைக்கு ஒரு கை மாத்திரை. ரெண்டு வருசம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்தவன் இப்போது ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தான். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே கோகிலாவுக்குப் போதுமாயிருந்தது.

மாசத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும். எப்போதும் நாகஜோதி கூடப் போவாள். பிப்ரவரி மூன்றாம் வாரம் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் கிழக்கே மேகம் கட்டியது. பழுத்துக் கிடக்கிற செடியில் மழை விழுந்தால் பழம் வெளிறிப் போகும். மறுநாளுக்கு எட்டு ஆள் சொல்லியாகிவிட்டது.

"நீ நின்னு பறிச்சு முடி. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கோகிலா.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, டாக்டர் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் சுகந்தி சிஸ்டரிடம் மாத்திரை வாங்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகக்காரர்களை எல்லாம் கவனிப்பது அந்தப் பெண்தான். பாண்டித்துரை கூட்டத்துக்கு அப்பால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, கோகிலா மட்டும் மேசைக்கு முன்னால் நின்றாள். தலைக்கு மேல் ஒலிபெருக்கி டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"அக்கா, இந்த ரோஸ் கலர் மாத்திரை மட்டும் இங்க ஸ்டாக் இல்ல. சீட்டு எழுதித் தாரேன், வெளிய மெடிக்கல்ல வாங்கிக்கங்க. இன்னும் மூணு மாசம் ஒருநாள் விடாமப் போடணும்."

"இது எதுக்குள்ளதும்மா?"

"வைரஸுக்குக்கா. சி.எம்.வி. குடுத்தவங்க பாசிட்டிவ், வாங்குனவரு நெகட்டிவ். அப்படி இருந்தா கிட்னியோட சேந்து இவருக்கு வந்துரும். அதுக்குத்தான் இது."

சுகந்தி சொன்னது மூன்று எழுத்து. ஒலிபெருக்கிச் சத்தத்தில் கோகிலாவுக்குக் கேட்டது கடைசி எழுத்தான 'வி' மட்டும். அதற்குப் பிறகு 'குடுத்தவங்க பாசிட்டிவ், வாங்குனவரு நெகட்டிவ்' என்பது கேட்டது, அவ்வளவுதான். இது பெரும்பாலும் எல்லாருக்கும் இருக்கிறதுதான், பயப்பட வேண்டாம், உங்கள் தம்பிக்கு அதிசயமாக இல்லாமல் போயிருக்கிறது என்று சுகந்தி மேற்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். அது எதுவும் கோகிலாவின் காதில் ஏறவில்லை. சீட்டை வாங்கி நாலாக மடித்தாள். மறுபடி நாலாக மடித்தாள்.

பாசிட்டிவ் என்ற சொல்லை அவள் முதல்முதல் கேட்டது 2004இல், இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில். அவள் புருசன் சின்னச்சாமி தூத்துக்குடிக்கு உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறு மாசமாகக் காய்ச்சல் விடவில்லை. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பெரிய நோட்டில் பேரை எழுதிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, "உங்க வீட்டுக்காரரு பாசிட்டிவ், நீங்க நெகட்டிவ்" என்றாள். பாசிட்டிவ் என்றால் நல்லது என்று நினைத்து, கோகிலா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. நாலே நாளில் டீக்கடையில் சின்னச்சாமிக்குப் பிளாஸ்டிக் கப் வந்தது. முடிவெட்டுகிறவர் கத்தியைக் காட்டி, ஒடைஞ்சு போச்சப்பா என்றார். ஊருணிக்குக் கோகிலா குடத்தோடு போனால் மற்றவர்கள் கரையேறி நின்றார்கள். சின்னச்சாமி செத்த அன்றைக்குத் தூக்குவதற்கு ஆள் இல்லை. பத்தொன்பது வயதுப் பாண்டித்துரையும் பக்கத்து ஊரிலிருந்து வந்த ரெண்டு பேரும் வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு மூன்று தடவை ரத்தம் கொடுத்து, மூன்று தடவையும் நெகட்டிவ் என்று எழுதி வாங்கி வந்தாள். அந்தத் தாளைப் படிக்க யாரும் முன்வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மருந்துக்கடை இருந்தது. சீட்டை நீட்டினாள்.

"இது இப்ப இல்லம்மா. வரவழைச்சுத்தான் தரணும், ரெண்டு நாளாகும்" என்ற கடைக்காரர் ஒரு நோட்டை விரித்துப் பேனாவை எடுத்தார். "பேரு சொல்லுங்க. ஊரு, போன் நம்பரு."

கோகிலா சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பஸ் மானாமதுரையைத் தாண்டியபிறகுதான் பாண்டித்துரை கேட்டான். "என்னக்கா, சிஸ்டரு ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. அந்த ரோஸு மாத்திரை இனிமே வேணாமாம். முடிஞ்சிருச்சாம்."

"அப்பாடி. ஒண்ணு கொறஞ்சுச்சு. அதுதான் முழுங்குறப்பத் தொண்டையில நிக்கும். நீ ஏன் வேத்து வடியிற? மேலுக்கு முடியலையா?"

"வெயிலுடா. நீ கவசத்த மூக்குக்கு மேல இழுத்துவிடு."

அவள் யோசிக்காமல் சொல்லிவிடவில்லை. வழி நெடுகக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்துத்தான் வைத்திருந்தாள். மதுரையை விட்டால் இராமநாதபுரம். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் வேலை பார்க்கும் வினோத்குமார் அவர்கள் தெருக்காரன். மற்ற கடைகளிலும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். சீட்டைப் படித்த கணம் ஊருக்குப் போன் போகும். தம்பி நெகட்டிவ் என்று அந்தப் பெண்ணே வாயால் சொன்னாள். இல்லாத நோய்க்கு எதற்கு மாத்திரை? கோகிலாவும்தான் நெகட்டிவ். சின்னச்சாமியோடு எட்டு வருசம் படுத்து எழுந்தவள், ஒரு மாத்திரை தின்றதில்லை. இருபது வருசமாக மண்வெட்டி பிடிக்கிறாள். ஒட்டாதவர்களுக்கு ஒட்டாது.

ஆனால் நாகஜோதிக்கு எங்கிருந்து வந்தது? தம்பிக்கு இல்லையென்றால் தம்பியால் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாகஜோதி மூன்று வருசம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள். பரமக்குடி வரும்போது கோகிலாவின் நினைப்பு அங்கே போய் நின்றது. அதை விரட்டினாள். ஊர் டீக்கடை வாசலில் பிளாஸ்டிக் கப்போடு நின்ற சின்னச்சாமியை நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்வதில்லை, நாகஜோதியிடமும் கேட்பதில்லை என்று முடிவுசெய்தாள்.

வாயால் கேட்கவில்லை. கைதான் அடங்கவில்லை.

முதலில் தம்பியின் செம்பைக் கழுவித் தனியாகக் கவிழ்த்தாள். "டாக்டரு சொல்லிட்டாரு, அவனுக்குத் தனிச் செம்பு" என்றாள். அதில் நாகஜோதி எதுவும் நினைக்கவில்லை. அப்புறம் ஏழாவது படிக்கும் மகள் அமுதவள்ளி தாயின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுக்கப் போனபோது, கோகிலா அவள் கையைத் தட்டிவிட்டாள். "பெரிய பிள்ளையாகிட்ட, என்ன எச்சத்தட்டுல கைய வெக்கிறது?" ஒருநாள் நாகஜோதி களத்தில் குடித்துவிட்டு வைத்த தூக்குச்சட்டியை, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, கோகிலா சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நாகஜோதி களத்தில் மிளகாயைக் காலால் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பழம் சுருங்கி, ரெண்டாம் நாள் தோல் கறுத்து, உச்சி வெயிலில் அதன் நெடி கண்ணைக் கரித்தது. இறங்கி வந்து எதிரே நின்றாள்.

"மதினி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளேன்."

"ஒரு மாசமாப் பாக்கேன். நான் தொட்டத எல்லாம் நீங்க ரெண்டு தடவ வெளக்குறீக. என்ன, நான் வயித்தக் கிழிச்சுக்கிட்டு வந்தது தீட்டாப் போச்சா?"

"ஏத்தா, அப்புடியெல்லாம் பேசாத. அவனுக்கு ஒட்டிரக் கூடாதுன்னுதான்."

"என்ன ஒட்டிரும்? எனக்கு என்ன இருக்கு ஒட்டுறதுக்கு?"

"சளி, கிளி."

"நாளு முச்சூடும் மொளகாத் தூசியில நிக்கிறேன். தும்மாம இருக்கச் சொல்லுதீகளா?" நாகஜோதி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவுக உடம்புக்குள்ள கெடக்குறதே என்னோடதுதான். இனிமே என்னத்த ஒட்டப் போகுது?"

கோகிலா தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே விளங்கியிருக்கும். கேட்கத்தான் வாய் திறந்தாள். வெள்ளையம்மாள் சாக்கோடு வந்துவிட்டாள். "நாத்தனாளும் மதினியும் மாநாடு போடுறீகளா? பொழுது சாயப் போகுது, தார்ப்பாயப் போட்டு மூடுங்க. பனி விழுந்தா வத்தல் பூத்துப் போகும்."

சித்திரை பிறந்து நாலாம் நாள் பாண்டித்துரைக்குக் காய்ச்சல் வந்தது. வெயிலின் சூடு என்றார்கள். பிறகு வயிற்றால் போனது. முதல்நாள் ஆறு தடவை. மறுநாள் எண்ணவில்லை. கஞ்சி கொடுத்தால் கஞ்சியாகவே போனது. மூன்றாம் நாள் கொல்லைப்புறத்திலிருந்து எழுந்து வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, கால் ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்குக்கா."

கோகிலாவின் இடுப்புச் சுருக்குப்பையில் அந்தச் சீட்டு இருந்தது. மடிப்பெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. இல்லாத நோய்க்கு மாத்திரை வேண்டாம் என்று நினைத்தோமே, இதற்குள் ஒட்டியிருந்தால்? எலக்ட்ரால் வாங்கி வருகிறேன் என்று நாகஜோதியிடம் சொல்லிவிட்டு, பத்தரை மணிப் பஸ்ஸில் இராமநாதபுரம் போனாள். மெடிக்கலில் நாலைந்து பேர் நின்றார்கள். வினோத்குமார் உள்ளேயிருந்தே பார்த்துவிட்டான்.

"வாங்க பெரியம்மா. துரை மாமாவுக்கு எப்படி இருக்கு? சீட்டு இருந்தாக் குடுங்க, மொதல்ல எடுத்துத் தாரேன்."

அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கோகிலா சுருக்குப்பைக்குள் விட்ட விரல்களை அப்படியே வைத்திருந்தாள். பின்னால் நின்றவர், "நகருங்கம்மா" என்றார்.

"எலக்ட்ரால் பொடி அஞ்சு குடுப்பா" என்றாள்.

ஏப்ரல் 22ஆம் தேதி ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நாகஜோதி முன்னால் உட்கார்ந்து போனாள். கோகிலா தம்பியின் தலைமாட்டில். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பெருங்குடலுக்குள் குழாய்விட்டுப் பார்த்ததில் புண் புண்ணாக இருந்தது. ரெண்டாம் நாள் சாயங்காலம் சுகந்தி வார்டுக்கு வெளியே வந்து இருவரையும் கூப்பிட்டாள்.

"மாத்திரை டப்பா கொண்டுவந்தீங்களா?"

நாகஜோதி டப்பாவைத் திறந்து நீட்டினாள். காலை, மதியம், சாயங்காலம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தாள். "ஒரு வேள தவறுனதில்ல சிஸ்டர். நானே எடுத்துக் குடுக்கேன்."

சுகந்தி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். "ரோஸ் கலர் மாத்திரை எங்க?"

"அதுதான் முடிஞ்சுபோச்சே."

"யாரு சொன்னா?"

நாகஜோதி திரும்பிக் கோகிலாவைப் பார்த்தாள். அந்த நடைபாதையில் டிராலி தள்ளிக்கொண்டு ஒருவர் போனார். அவர் போகும்வரை மூன்று பேரும் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள்.

"நான்தான் வேணாமுன்னு சொல்லிட்டேன்" என்றாள் கோகிலா. சுருக்குப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். "நீங்கதானம்மா சொன்னீக. குடுத்தவ பாசிட்டிவுன்னு. கடையில பேரக் கேட்டான். பேர எழுதுனா ஊருக்குத் தெரிஞ்சிரும். இவளுக்கு இப்புடி ஒரு நோயிருக்குன்னு…"

"எனக்கா?" என்றாள் நாகஜோதி. "எனக்கு என்ன நோய்?"

சுகந்திக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அக்கா, நீங்க எந்தப் பாசிட்டிவ நெனச்சீங்க?"

"எங்க வீட்டுக்காரரு செத்தாரே…" என்று கோகிலா ஆரம்பித்தாள். முடிக்க வேண்டியிருக்கவில்லை. சின்னச்சாமி எதில் செத்தான் என்பது நாகஜோதிக்குத் தெரியும்.

"அந்த நோய் இருந்தா இவங்க கிட்னிய எடுத்திருக்கவே மாட்டோம்" என்றாள் சுகந்தி. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "மொதல்ல பாக்குறதே அதத்தான். இது வேற வைரஸ். சின்னப் பிள்ளைங்க எச்சில்ல, மூத்திரத்துல இருக்கும். பிள்ள வளத்த வீட்டுல யாருக்கும் இது இல்லாம இருக்காது. எனக்கு இருக்கும், உங்களுக்கும் இருக்கும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உடம்புக்குள்ளயே தூங்கும். வயித்துல இருக்குற பிள்ளைக்கும், இவரு மாதிரி எதிர்ப்புச் சக்தியக் கொறச்சு வச்சிருக்குறவங்களுக்கும்தான் ஆபத்து. இவருக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. அதனால உடம்புக்கு எதிர்த்து நிக்கத் தெரியல. அதுக்குத்தான் அந்த மாத்திரை. இல்லாதவங்களுக்குத்தான்கா அது வேணும்."

"இல்லாதவங்களுக்கா?" என்று கோகிலா கேட்டாள்.

"ஆமா. இல்லாதவங்களுக்குத்தான்."

சுகந்தி சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பெஞ்சின் ஒரு முனையில் நாகஜோதி உட்கார்ந்தாள். மறுமுனையில் உட்காரலாமா என்று தெரியாமல் கோகிலா நின்றாள்.

"திருப்பூருல நான் இருந்தத நெனச்சீகளா மதினி?"

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெனச்சிருக்கீக." நாகஜோதி டப்பாவின் மூடியை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினாள். "அங்கன ஒரு ரூமுல பதினாறு பேரு. கதவுக்கு வெளியில பூட்டு. ஞாயித்துக்கிழம மட்டும் சோப்பு வாங்கத் தெறந்து விடுவாக. அதுவும் வார்டன் கூடவே வருவா. ஒரு வார்த்த என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"என்னைய நூறு பேரு கேட்டாக. ஊருணிக்கரையில, நடுத்தெருவுல, அவரு பொணம் கெடக்கயில. கேக்குறது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும் சோதி. அதான் உன்கிட்டக் கேக்கல."

"கேக்கல. செம்ப மட்டும் மாத்துனீக. என் பிள்ள கையத் தட்டிவிட்டீக."

"அவன்கிட்ட நானே சொல்லிர்றேன்" என்றாள் கோகிலா.

"இப்ப வேணாம். மொதல்ல அவுக எந்திரிக்கட்டும்."

இருபத்தொரு நாள் கை நரம்பில் மருந்து ஏறியது. வயிற்றுப்போக்கு நின்றது. காய்ச்சல் விட்டது. ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று மே மாசக் கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். வைரஸை அடக்குவதற்காக, புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளச் செய்யும் மாத்திரைகளைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜூனில் உடம்பு அதைத் தள்ளத் தொடங்கியது. மறுபடி கூட்டிக் கொடுத்தும் நிற்கவில்லை. ஆடியில் பாண்டித்துரையின் கால் வீங்கியது; தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள்.

அக்கா சொன்னதை அவன் கட்டிலில் படுத்தபடியே கேட்டான். முழுக்கக் கேட்டுவிட்டு, "மச்சானத் தூக்க ஆள் வராத அன்னைக்கு நானும்தான் இருந்தேன்" என்றான். நாகஜோதி கோகிலாவிடம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினாள்.

2024 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை இராமநாதபுரத்தில் பாண்டித்துரைக்கு மறுபடி டயாலிசிஸ் தொடங்கியது. நாலு மணி நேரம், வாரம் மூன்று நாள். செவ்வாயும் சனியும் நாகஜோதி கூடப் போகிறாள். வியாழக்கிழமை கோகிலா போகிறாள்.